தண்ணீர் பிடித்த சிறுவர்

தேர்வு நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு சட்டம் தானாகவே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பிள்ளை படிக்கிறான், அவனை எதற்கும் கூப்பிடக் கூடாது. கடைக்குப் போக வேண்டாம், குடம் தூக்க வேண்டாம், தான் உண்ட தட்டைக்கூடக் கழுவ வேண்டாம். பத்தாம் வகுப்பில் தொடங்கும் இந்தச் சலுகை, பல வீடுகளில் கல்லூரி முடியும்வரை நீடிக்கிறது. அதே வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டு வேலை வேறு, கல்வி வேறு என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவு சரிதானா என்ற ஐயம், 2025ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான பேராசிரியர் உமர் யாகியின் இளமைக் காலத்தை அறிந்தபோது நமக்கு எழுந்தது.

1965இல் ஜோர்தானின் அம்மான் நகரில், ஃபலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஒரே சிறு அறையில், வளர்த்த கால்நடைகளோடு சேர்ந்து வாழ்ந்தனர். தந்தை ஆறாம் வகுப்புவரை படித்தவர்; தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழாயில் தண்ணீர் வருவது ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, அதுவும் சில மணி நேரமே. வைகறையில் எழுந்து குழாயைத் திறந்து, வீட்டுக்கும் கால்நடைகளுக்கும் நீர் சேர்த்து வைப்பது சிறுவர் உமரின் வேலை. தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பத்து வயதில், பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் பள்ளி நூலகத்துக்குள் அவர் நுழைந்து, கைக்கு வந்த ஒரு நூலைப் பிரித்தார். அதிலிருந்த மூலக்கூறு வரைபடங்கள் புரியவில்லை. ஆனால் மனத்தைப் பற்றிக்கொண்டன. பதினைந்து வயதில் தந்தையின் கட்டளைப்படி அமெரிக்கா சென்றார். படித்துக்கொண்டே கடையில் சாமான்களைப் பையில் இட்டுக் கொடுத்தார், தரை துடைத்தார்.

பிற்காலத்தில் அவர் உருவாக்கியவை உலோகக் கரிமக் கட்டமைப்புகள் எனப்படும் படிகங்கள். உலோக அணுக்கள் மூலைகளாகவும், கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கழிகளாகவும் அமைய, இடையில் எண்ணற்ற நுண் அறைகள் உண்டாகின்றன. 1999இல் அவர் வெளியிட்ட ஒரு படிகத்தில், சில கிராம் எடைக்குள் ஒரு கால்பந்துத் திடல் அளவுக்குப் பரப்பு அடங்கியிருந்தது. 2017இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இவ்வகைப் படிகம் ஒன்றைக் கொண்டு வறண்ட காற்றிலிருந்து நீரைப் பிரித்துக் காட்டினர். இரவுக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. பகல் வெயிலின் சூட்டில் நீராக விட்டுவிடுகிறது. அரிசோனா பாலைவனத்திலும் இது சோதிக்கப்பட்டது.

குழாயடியில் நின்றதால்தான் நோபல் கிடைத்தது என்று நாம் கதை கட்டப் போவதில்லை. மூலக்கூறுகளின் அழகே அவரை ஆய்வுக்கு இழுத்தது; நீர் பின்னால் வந்தது. வறுமையைப் புகழ்வதும் நம் நோக்கமன்று. எந்தக் குழந்தையும் குடிநீருக்காக விழித்திருக்கக் கூடாது. ஆயினும், தன் கையிலுள்ள படிகம் காற்றின் ஈரத்தைப் பிடிக்கிறது என்று கண்டபோது, அது வெறும் ஆய்வுக்கூட அளவீடு அன்று, ஒரு வீட்டின் பாடு என்பதை அவர் எவரும் சொல்லாமலே அறிந்திருப்பார். அந்த அறிவைத் தரும் பயிற்சி மையம் நமக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

நம் மார்க்கத்தில் இது புதிய செய்தியும் அன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். அது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைக்கு இந்த ஹதீஸ் மனப்பாடமாக இருக்கலாம். ஒரு குடத்தின் கனம் தெரியாது. நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். உம்மத்தையே சுமந்த அவர்களுக்கு வீட்டு வேலைக்கு நேரம் இருந்திருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதும் நம் மகனுக்குத்தான் இல்லை.

மதிப்பெண் குறைந்துவிடும் என்ற பெற்றோரின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. போட்டி கடுமையானது, கட்டணமும் கடன் வாங்கிக் கட்டியது. ஆனால் ஒரு நாளில் கால் மணி நேரம் என்பது அவன் கைப்பேசிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே.

உங்கள் தெருக் குழாயில் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று இன்றிரவு மகனிடம் கேட்டுப் பாருங்கள். உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.