பழைய லீவர் இயந்திரம் அலமாரிப் பொருள் அல்ல

பழைய இத்தாலிய லீவர் எஸ்பிரஸோ இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிச் செப்பனிடுவது வீண் வேலை என்று காபிப் பிரியர்களில் பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும், தினமும் காபி போட பம்பு வைத்த புது இயந்திரம்தான் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் சிலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தில் எது தேய்கிறது, எது தேய்வதே இல்லை என்று பிரித்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

முதலில் சொல்லப்படுவது அழுத்தம். எஸ்பிரஸோவுக்கு 9 பார் அழுத்தம் சீராக வேண்டும், மனிதக் கை அதைத் தராது என்பது வாதம். 49 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் 9 பார் என்றால் ஏறத்தாழ 170 கிலோ எடைக்குச் சமமான விசை. அதில் பெரும்பங்கை நெம்புகோலே பெருக்கித் தருகிறது, கை கொடுப்பது சிறு பங்குதான். அதைவிட முக்கியமானது வரலாறு. நீராவியால் மட்டும் இயங்கிய முந்தைய இயந்திரங்கள் 1.5 பார் அளவிலேயே நின்றன. பொன்னிற நுரை மிதக்கும் எஸ்பிரஸோவை உலகம் கண்டது, மிலானில் அக்கீலே கஜ்ஜியா 1947-இல் காப்புரிமை பெற்ற ஸ்பிரிங் லீவர் வழியாகத்தான். பம்பு வைத்த ஃபயேமா இ61 வந்தது 1961-இல். நாள் முழுக்க லீவர் இழுக்கும் உழைப்பை அது காபிக் கடைக்காரரின் தோளிலிருந்து இறக்கியது, வேலையை விரைவாக்கியது. லீவர் காபி ருசியில் தோற்றதால் வந்த மாற்றம் அல்ல அது. ‘சீராக’ என்ற சொல்லையும் அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. காபித்தூளின் சாரம் இறங்க இறங்க அதன் எதிர்ப்பு குறைகிறது. அழுத்தம் மாறாமல் நின்றால் கடைசியில் நீர் விரைந்து ஓடிக் கசப்பை இழுத்து வரும். ஸ்பிரிங் தளரும்போது அழுத்தமும் தானே இறங்குகிறது. கையால் அழுத்துபவர் அதையே வேண்டுமென்று செய்யலாம். இன்று விலை உயர்ந்த சில புது இயந்திரங்கள் இந்த இறங்குமுக அழுத்தத்தைத்தான் தனி வசதியாக விற்கின்றன.

சூடு பற்றிய புகாருக்கு இவ்வளவு எளிதான பதில் இல்லை. லா பவோனி நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த யூரோப்பிக்கொலாவை எடுத்துக்கொள்வோம். அதன் 0.8 லிட்டர் பாய்லர் 0.8 பாரில் இருக்கும்போது உள்ளே நீர் 117 டிகிரி அளவில் இருக்கும். குளிர்ந்த பித்தளைத் தலைப்பகுதிக்குள் வந்து சேரும்போது அந்தச் சூடு தணிந்து காபிக்கு ஏற்றதாகிறது. இரண்டு கோப்பை இறக்கிய பிறகு தலைப்பகுதியே கொதிநிலையை நெருங்கிவிடும். மூன்றாவது கோப்பை கருகல் வாடை அடிக்கும். இது உண்மையான குறை. பத்துப் பேருக்கு வரிசையாகக் காபி தர வேண்டிய வீட்டில் இந்த இயந்திரத்தை வாங்கக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் காலையில் ஒருவரோ இருவரோ குடிக்கும் வீட்டுக்கு அந்தக் குறை குறுக்கே வருவதே இல்லை. பழைய மாடல்களில் அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் சுவிட்ச் கிடையாது. அதிகம், குறைவு என இரண்டு நிலைதான். பாய்லரில் ஒரு பிரஷர் கேஜ் பொருத்தி, சூடேறும்போது நீராவிக் குழாயை ஒருமுறை திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டால், மீதி கண்பழக்கத்தில் வந்துவிடும்.

ஆபத்து என்ற எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். அழுத்தம் இறங்கும் முன் மூடியைத் திறந்தால் கை வெந்துபோகும். நீர் வற்றிய பாய்லரில் ஹீட்டர் எரிந்துபோகும். பழைய ஒயரின் உறை பொடிந்திருக்கலாம், எர்த் இணைப்பே இல்லாதிருக்கலாம், சிலவற்றில் வெப்பக் காப்பாக ஆஸ்பெஸ்டாஸ்கூட உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்தவை 110 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகக்கூடாது. அடித்தகட்டில் உள்ள எண்ணைப் படிக்காமல் பிளக்கைத் தொடவே வேண்டாம். ஆனால் இவையெல்லாம் செப்பனிடாமல் பயன்படுத்துவதன் ஆபத்துகள். ஒயரும் பிளக்கும் மாற்றி, எர்த் கொடுத்து, சேஃப்டி வால்வு ஆவி விடுகிறதா என்று சோதித்த இயந்திரத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் வாங்காமல் விடுவதே நல்லது.

பாகம் கிடைக்காது என்பதுதான் மிகவும் பரவிய தவறு. யூரோப்பிக்கொலா இன்றும் தயாராகிறது. 1967-இல் வந்த சுவிட்சர்லாந்தின் ஒலிம்பியா கிரெமினாவும் அப்படியே. பித்தளையும் செம்பும் ஆன பாய்லரும் தலைப்பகுதியும் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உறுதியாக இருக்கும். கெடுபவை ரப்பர் வளையங்கள். அவை மலிவு. லீவர் கீழே இருக்கும்போதே தலைப்பகுதியிலிருந்து நீர் சொட்டினால் பிஸ்டனின் கீழ் வளையம் போய்விட்டது என்று பொருள். மேலே பிஸ்டன் தண்டை ஒட்டி நீர் கசிந்தால் மேல் வளையம். பிஸ்டனை வெளியே எடுத்தால் வளையம் கறுத்து இறுகி, நகம் பட்டால் பிளாஸ்டிக் போலச் சத்தமிடும். ஒவ்வொன்றின் விளிம்பும் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்ற வேண்டும், உப்புப் படிவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் கரைக்க வேண்டும், உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் தடவிப் புது வளையங்களை ஏற்ற வேண்டும். சர்க்யூட் போர்டு போனால் தயாரிப்பாளரையே நம்பியிருக்க வேண்டிய இயந்திரங்களோடு இதை ஒப்பிட்டால், எது எளிதில் உயிர்பெறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்டர் கொடுக்கும்போது அளவு மட்டும் கவனம்: பழைய லா பவோனி வடிகட்டிக் கிண்ணம் 49 மில்லிமீட்டர், 2000-ஐ ஒட்டி மாறிய பிறகு 51.

மிஞ்சுவது விலை. சேகரிப்பாளர்கள் துரத்தும் அரிய மாடல்களைப் பற்றி விமர்சகர்கள் சொல்வது சரிதான். அவற்றுக்குத் தரும் பணம் பெயருக்காகத் தரும் பணம். நிறைய விற்ற சாதாரண மாடலைத் தேடினால் கணக்கு மாறும். அரவை இயந்திரத்தின் செலவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு, ஆனால் அந்தச் செலவு பம்பு இயந்திரத்துக்கும் அதே அளவு உண்டு. வாங்கும்போது மேல்பூச்சு மங்கியிருப்பதற்கோ சொட்டும் தலைக்கோ தயங்க வேண்டியதில்லை, அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். பாய்லரில் விரிசல், நசுங்கிய திருகுமறை, கிடைக்காத ஹீட்டர் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், பாகங்களுக்காகத்தான் வாங்குகிறோம் என்ற தெளிவு இல்லாமல் பணத்தை எடுக்க வேண்டாம்.