ஆடுகளின் நீர்க்கட்டி நோயும் இரத்தப் பரீக்ஷையும்

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கங்களில் கொறங்காட்டை நம்பி ஆடு வளர்க்கும் குடியானவர்கள், நீர்க்கட்டி நோயைக் கண்டறிய ஆடுகளின் இரத்தத்தைப் பரீக்ஷித்தால் போதாதா என வினவக்கூடும். போதாதென்பதே நமது அபிப்பிராயம்.

இந்நோய் நாயிடமிருந்து வருவது. நாயின் குடலில் வசிக்கும் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இராது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்திற் கலந்து, புல்லுடன் ஆடுமாடுகளின் வயிற்றை அடைகின்றன. பின்னர் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் மெதுவாய் வளர்கின்றன. அவ்வுறுப்புகளை நாய் தின்றால் மறுபடியும் புழு உண்டாகும். நாயோடு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்ணும் குழந்தைகளுக்கும் இக்கட்டிகள் வருவதுண்டு.

எலைசா முதலிய இரத்தப் பரீக்ஷைகள், நோயை எதிர்த்து இரத்தத்தில் உண்டாகும் பொருளைத் தேடுபவை. கட்டியுள்ள ஆட்டிலும் அப்பொருள் சொற்பமாகவே இருக்கலாம். வேறு நாடாப்புழுக்களின் இளம்பருவம் உடலில் இருப்பினும் பரீக்ஷை 'உண்டு' எனக் காட்டலாம். ஆகையால், ஓர் ஆட்டை வைத்துக்கொள்வதா, கழிப்பதா என்று இதனை மட்டும் கொண்டு தீர்மானித்தல் தகாது. அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் சோதிப்பதே அதிக நம்பிக்கைக்குரியது.

நியூஸிலாந்து தேசம் 2002-ம் ஆண்டில் இந்நோய் நீங்கியதாக அறிவித்தது. நாய்களுக்கு மருந்து கொடுத்ததும், அறுத்த ஆட்டின் பச்சை உறுப்புகளை நாய்க்கு இடாமல் தடுத்ததுமே அங்கு பலன் தந்தன.

நமது ஜில்லாவிலோ, சில ஆண்டுகளாகத் தெருநாய்கள் பட்டியிற் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெருங்கவலையாய் இருக்கிறது. அவ்வாறு மடிந்த ஆட்டை வெளியில் எறிவது, நஷ்டத்தோடு நோயையும் விலைக்கு வாங்குவதாகும். கால்நடை டாக்டர் சோதித்தபின், நாய் தோண்டாதபடி ஆழக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, ஆடு அறுக்குமிடத்தில் கழிவுக்கு மூடியுள்ள குழி அமைத்தல். இரண்டாவது, கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் நாய்களைப் பிடிக்கும்போதே பிராசிகுவாண்டல் மருந்தையும் கொடுக்கச் செய்தல். பட்டி நாய்களுக்கு அம்மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் வருஷத்துக்கு 4 தடவையேனும் கொடுப்பது குடியானவர் பொறுப்பு. ஒரு தடவையோடு நிறுத்தினால் புழு மீண்டும் வரும்.

பிரதேசத்தில் நோயின் பரவலை ஆராய இரத்தப் பரீக்ஷை உதவக்கூடும். ஆனால் கிராமத்தின் பணம் முதலில் செல்லவேண்டியது நாய்க்கு மருந்துக்கும், கழிவுக்குக் குழிக்குமே.