நாய்க்கு எதுக்குய்யா அல்வா?

கோடை லீவு விட்டாச்சு. இனி ரெண்டு மாசத்துக்கு அம்பாசமுத்திரம், பாபநாசம் ரோட்டில் சென்னை நம்பர், பெங்களூர் நம்பர் வண்டிகளாகத்தான் வரும். வாங்க, சந்தோஷமா வாங்க. ஆத்துல முங்கிக் குளிங்க. வாழைத் தோட்டத்துல நின்னு போட்டோ எடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. படித்துறையில் நிற்கிற நாய்களுக்கு பிஸ்கட்டும் அல்வாவும் போடாதீங்க.

இதைச் சொன்னால், "என்ன அண்ணாச்சி, வாயில்லா சீவனுக்கு ஒரு பிஸ்கட் போட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு நஷ்டம் இருக்கிறது. நாய்க்கு அதைவிடப் பெரிய நஷ்டம். ரெண்டையும் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

முதலில் நாயின் நஷ்டம். நம்ம அல்வா என்பது என்ன? ஊறவைத்து அரைத்துப் பிழிந்த கோதுமைப் பால், சீனி, நெய். மனுசனே வாழையிலைத் துண்டில் நூறு கிராம் வாங்கித் தின்றுவிட்டு, திகட்டுதுன்னு மேலே கொஞ்சம் மிக்சர் கேட்கிறான். அதை ஒரு பதினஞ்சு கிலோ நாய்க்குக் கால் கிலோ வைத்தால் என்ன ஆகும்? கொழுப்பு ஒரேயடியாக உள்ளே போனால் நாய்க்குக் கணையம் வீங்கிவிடும். பக்கத்து வயல்காரர் வளர்க்கிற சிப்பிப்பாறைக்குப் போன வருசம் அதுதான் ஆனது. யாரோ ஒரு குடும்பம், மீந்த அல்வாவைப் பொட்டலத்தோடு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வாந்தி. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றது. மூணு நாள் தண்ணிகூட இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தது. வைத்தவர்கள் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து, "வில்லேஜ் டாக், சோ க்யூட்" என்று படமும் போட்டிருப்பார்கள்.

அல்வா மட்டும் இல்லை. பாயசத்தில் மிதக்கிற கிஸ்மிஸ் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையும் அப்படித்தான். சாக்லேட் அதன் இதயத்தைப் படபடக்க வைக்கும், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். பிரியாணியில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம்மில் சேர்க்கிற சைலிட்டால் கொஞ்சம் போனாலே நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும், ஈரலும் போகும். கல்யாண வீட்டு எச்சில் இலையைக் கொட்டுகிற எங்க ஊர்க்காரங்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்லுதேன். பட்டணத்து ஆளுக மட்டும் குத்தவாளி இல்ல.

"சரி, அல்வா வேண்டாம். சாதா பிஸ்கட்ல என்ன இருக்கு?" அதில் மைதா இருக்கிறது, சீனி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. ஒரு பிஸ்கட்டில் நாய் சாகாது, ஒத்துக்கிடுதேன். ஆனால் நீங்க போடுறது ஒண்ணு, உங்களுக்குப் பின்னால வருகிற வண்டிக்காரர் போடுறது ஒரு பாக்கெட். ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள அது இருபது வீட்டுப் பாசத்தைத் தின்னு முடிச்சிரும். அந்த நாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இனி என் நஷ்டம். எங்க வயல் மலையடிவாரத்தில் இருக்கிறது. களக்காடு, முண்டந்துறைக் காட்டிலிருந்து ராத்திரி காட்டுப்பன்னி இறங்கும். ஒரே ராத்திரியில் அம்பது வாழையைத் தோண்டிச் சாய்த்துவிட்டுப் போகும். துப்பாக்கி கிடையாது, கரண்டு வேலி போடக்கூடாது, போடவும் மாட்டோம். எங்களுக்கு இருக்கிற காவல் டார்ச் லைட்டும் நாயும்தான். அந்த நாய் இப்போது லீவு ரெண்டு மாசமும் படித்துறையில் உட்கார்ந்திருக்கிறது. கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் ஓடுகிறது. ஒரு பாக்கெட்டுக்கு ஆறு நாய் கூடி ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன, நடுவில் குழந்தைகள் நிற்கிறார்கள். ஓடுகிற வண்டியின் பின்னாலேயே போய் அடிபட்டுச் செத்த நாய்களும் உண்டு. நீங்க போட்டது ஒரு பிஸ்கட். அது படிச்சுக்கிட்டது ஒரு பழக்கம். பிஸ்கட் அன்னைக்கே செரிச்சிரும், பழக்கம் செரிக்காது.

இந்தக் கூத்து நம்ம ஆத்துக்குப் புதுசும் இல்லை. இதே தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரத்தில் எழுநூறு வருசத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அப்போது நாய்க்கு இல்லை, குதிரைக்கு.

இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் சின்ன ஊராகக் கிடக்கிற பழையகாயல்தான், மார்க்கோ போலோ 1290-களில் பார்த்த காயல் துறைமுகம். 1881-ல் வந்த தன் திருநெல்வேலி சரித்திரத்தில் கால்டுவெல் அப்படித்தான் அடையாளம் காட்டுகிறார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். ஏடன், ஓர்முஸ் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கிய கரை அது. பாண்டியனின் குதிரை ஆசை நமக்குத் தெரியாததா? மாணிக்கவாசகர் கதையில் ராசா பொன்னைக் கொடுத்து அனுப்பியதே குதிரை வாங்கத்தானே.

பாண்டிய மன்னர் வருசத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், அவர் சகோதரர்களும் அதே அளவு வாங்குவார்கள், வருசக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று எழுதுகிறார் மார்க்கோ போலோ. அதே காலத்துப் பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப், இந்தியக் கரைக்கு வருசம் 10,000 குதிரை வரை வந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கையில் ரெண்டு பேரும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை குதிரை ஏன் செத்தது என்பதற்கு, சம்பந்தமில்லாத இந்த ரெண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் கை காட்டுகிறார்கள்: தீவனத் தொட்டி.

சோற்றோடு இறைச்சியை வேகவைத்தும், இன்னும் பலவிதமாகச் சமைத்தும் குதிரைக்குப் போட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. பச்சை பார்லி தின்ன வேண்டிய குதிரைக்கு வறுத்த பார்லியும், வெண்ணெயில் புரட்டிய தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். அதோடு நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டு, பழக்காமல் கொள்ளாமல் ஏறி ஓட்டினார்களாம். வெயில் ஒரு காரணம்தான். லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் இல்லாததும் ஒரு காரணம். ஆனால் சோறும் கறியும் நெய்யும் பாலும் யாருடைய சாப்பாடு? அரண்மனைச் சாப்பாடு. ராசா தனக்கு எது உசத்தியோ அதைக் குதிரைக்குக் கொடுத்தார். கொடுமை பண்ணிக் கொல்லவில்லை, உபசாரம் பண்ணிக் கொன்றார். அந்த ராசாவுக்கும் அல்வாப் பொட்டலத்தோடு நிற்கிற உங்களுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் உள்ள வித்தியாசம்தான்.

குதிரையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் இரைப்பை சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்காக அமைந்த வயிறு. வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ளே போனது போனதுதான். சோறு, ரொட்டி, தானியம் என்று மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் பாதி செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கிப் புளித்துப்போகும். வயிற்றுவலி வந்து தரையில் விழுந்து உருளும், இல்லையென்றால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் நிற்கும். மெரினாவிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குதிரைக்குப் பிரெட்டும் சிப்ஸும் நீட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அய்யனார் கோயில் மண்குதிரைக்குச் சர்க்கரைப் பொங்கல் படைத்தால் ஒண்ணும் ஆகாது. உசிருள்ள குதிரைக்கு ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் உண்டு. "அந்தக் காலத்துல ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் வெறும் கம்மங்கூழைக் குடிச்சே புலி மாதிரி இருந்துச்சு" என்று பெருமை பேசுவார்கள். கூழ் குடித்தது உண்மைதான். கூடவே வயலில் எலி பிடித்தது, காட்டில் முயல் பிடித்தது. இன்றைக்கு முயல் வேட்டை சட்டப்படி குற்றம். நாயும் மாடி வீட்டில் கட்டிக் கிடக்கிறது. வெறும் கூழ் மட்டும் ஊற்றினால் அது பாரம்பரியம் இல்லை, பட்டினி. இந்தப் பெருமையை வியாபாரமாக்கி, "கிராமத்து ராகி ட்ரீட்" என்று டப்பாவில் அடைத்து விற்பதும் நடக்கிறது. அந்தக் காசுக்கு எங்க ஊர்ச் சந்தையில் ரெண்டு மூணு கிலோ கேப்பையே வாங்கிரலாம்.

நாய்க்கு ஆசையாக எதுவும் கொடுக்கவே கூடாதா? கொடுங்க. கடைப் பிஸ்கட்டுக்குப் பதிலா வீட்டிலேயே சுட்டு எடுத்துக்கிட்டு வாங்க. எங்க வீட்டில் சுடுவதைச் சொல்லுதேன்.

நாய்க்கு: கேப்பை மாவு ரெண்டு டம்ளர், அவித்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு டம்ளர், ஒரு முட்டை, தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன். பூசணி இல்லையென்றால் சீனிக்கிழங்கு. உப்பு கிடையாது, சீனி கிடையாது, கருப்பட்டியும் கிடையாது. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, தட்டிக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டிக்கிடுங்க. அவன் இருந்தால் 160 டிகிரியில் முக்கால் மணி நேரம். இல்லையென்றால் பழைய அலுமினியச் சட்டியில் ரெண்டு விரல் கனத்துக்குக் கல்லுப்பைப் பரப்பிச் சூடேற்றுங்க. (ஆத்து மணலை அள்ளிராதீங்க, ஏற்கெனவே அள்ளினது போதும்.) அதன்மேல் ஒரு பிரிமனை, பிரிமனைமேல் தட்டு, மேலே மூடி. சின்னத் தீயில் வைத்து, ஒரு தடவை திருப்பிப் போட்டு, மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடணும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

குதிரைக்கு: கோதுமைத் தவிடு ரெண்டு டம்ளர், வறுத்து அரைத்த கொள்ளு மாவு அரை டம்ளர், கேரட் துருவல் ஒரு டம்ளர், ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோதுமை மாவு, வாசத்துக்கு ஒரு ஸ்பூன் கருப்பட்டிப் பாகு. முட்டை, நெய், பால் எதுவும் வேண்டாம். அதே மாதிரி, இன்னும் நல்லாக் காயச் சுடணும். கொழுத்த குதிரைக்கும், குளம்பு வீங்கிப் பழகின குதிரைக்கும் கருப்பட்டியும் கூடாது. அதுகளுக்கு நீளவாக்கில் நறுக்கின கேரட் ஒரு துண்டு போதும். உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுங்க, விரல் தப்பிக்கும்.

சமைச்சது ஆகாதுன்னு பாண்டியனைத் திட்டிட்டு இப்ப நீயே பலகாரம் சொல்லுதியேன்னு கேப்பீங்க. அவர் போட்டது மூணு வேளைச் சாப்பாடு. நான் சொல்லுறது கையில் ஒரு துண்டு. குதிரைக்குச் சாப்பாடு புல்லுதான். நாய்க்கும் இந்த மாதிரித் தீனி, ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. கேட்ட நேரமெல்லாம் கொள்ளு கொடுத்தால் எந்தக் குதிரையும் கடிவாளத்துக்கு வாய் திறக்காது. ஒரு வேலை செய்ததற்கு, ஒரு சொல் கேட்டதற்கு, ஒரு துண்டு. அப்போதுதான் அதற்கு மதிப்பு.

கடைசியா ஒண்ணு. ஊர் நாய் எல்லாம் ஆள் இல்லாத நாய் இல்லை. பெரும்பாலும் ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒரு ஆச்சி இருப்பாங்க. "ஆச்சி, இதுக்கு இதைக் கொடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுங்க. வேண்டாம்னு சொன்னாங்கன்னா டப்பாவை மூடி வைங்க. சாயங்காலத்துக்குள்ள நாயை எங்ககிட்ட விட்டுருங்க, அதுக்கு ராத்திரி வேலை இருக்கு.