பெட்டியில் கிடக்கும் கசெற்

மீள்குடியேறிய எந்த வீட்டுக்குச் சென்றாலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பழைய நிவாரண அட்டை என்பன ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எத்தனை இடப்பெயர்வு வந்தபோதும் அந்தப் பையை எம்மவர் கைவிடவில்லை. சில வீடுகளில் அதே பையில், அல்லது றங்குப்பெட்டியின் அடியில், இன்னொரு பொருளும் கிடக்கிறது. தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிதான ஒரு வீடியோக் கசெற். கேட்டால், "வெளிநாட்டிலிருந்து தம்பி வந்தபோது எடுத்தது. போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, கிடக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்" என்பார்கள். இந்தக் "கிடக்கட்டும்" என்ற சொல்லைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இந்தக் கசெற்றுக்குரிய கைக்கடக்கமான டிஜிற்றல் வீடியோக் கமெரா 1995இல் உலகச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். ரோச் பற்றரிக்கே தடையிருந்த காலம் அது. ஐந்து வருடமாக மின்சாரம் இல்லை. கமெராவைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? வெளிநாடுகளில் இருந்த எமது பிள்ளைகளோ அந்தக் கமெராவைத்தான் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கினார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் அதைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடப்பட்டது. இடைப்பட்ட அந்த நான்கு வருடமும் நான்கு மாதமுமே எமது கிராமங்களில் பலவற்றை ஒருவர் சாவகாசமாக நடந்து திரிந்து படம்பிடித்த காலம். வன்னியில் அதற்குப் பின் வந்ததை எழுதத் தேவையில்லை.

அந்தக் கசெற்றுகளில் என்ன இருக்கிறது? எடுத்தவர் எடுக்க நினைத்தது ஒன்று, அதில் பதிந்திருப்பது வேறொன்று. அவர் தங்கையின் கலியாணத்தை எடுத்தார், அல்லது மருமகளின் முதல் நன்மை நாளை எடுத்தார். பொம்பிளைக்குப் பின்னால் பங்குக்கிணறு நிற்கிறது. கிணற்றுக்கு மேற்கே பூவரசங்கதியால் போட்ட வேலி தெரிகிறது. வேலிக்கு அப்பால் யாருடைய வளவு என்பதும், யாருடைய பக்கம் வாய்க்கால் போனது என்பதும் தெரிகிறது. அன்று கமெரா பொம்பிளையைப் பார்த்தது. இன்று நாம் பார்க்க வேண்டியது அந்தக் கிணற்றையும் வேலியையும். சில கசெற்றுகளில் இன்னும் பெறுமதியான பகுதி இருக்கிறது. ஆச்சி முன்னே நடக்க, பேரன் பின்னால் கமெராவுடன் வர, "இது எங்கட பன்னிரண்டு பரப்பு, அங்கால சின்னையாவின்ர, இந்தப் பனை எல்லைப் பனை" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே போவார். பேரனுக்கு அது பொழுதுபோக்கு. ஆச்சி இன்றில்லை, எல்லைப் பனையும் இல்லை. புல்டோசர் ஓடிய காணிகளில் தன் வளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நின்ற முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். 2003இல் எமது பங்கின் பாவனைக்கு இப்படியொரு சிறிய கமெரா கிடைத்தது. வன்னியில் வயதான கமக்காரர் ஒருவர் மாமரநிழலில் இருந்து மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய பழைய நெல்லினங்களைப் பற்றியும், குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்ட முறையைப் பற்றியும் ஒரு மணிநேரம் பேசியதைப் பதிந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கோயில் திருநாளன்று கையில் வேறு கசெற் இருக்கவில்லை. அதே கசெற்றில் திருச்சொரூபப் பவனியை எடுத்துவிட்டேன். கசெற்றின் முதுகில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதை "சேவ்" என்ற பக்கம் தள்ளியிருந்தால் கமெரா பதிய மறுத்திருக்கும். பெரியவர் 2009இல் காலமானார். பவனி வருடாவருடம் நடக்கிறது. ஆகவே எவரிடம் கசெற் இருந்தாலும் முதற்காரியமாக அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளிவையுங்கள். நாளைக்கு என்று விடவேண்டாம்.

"படத்தைக் காட்டிக் காணி எடுக்கலாமா?" என்று ஒரு சகோதரர் சிரித்தபடி கேட்டார். உறுதியின் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளாது, அது உண்மை. ஆனால் உறுதியில் எழுதியிருக்கும் கிணறும் வழிவாய்க்காலும் நிலத்தில் எங்கே இருந்தன என்பதைப் படம் காட்டும். இந்நாட்டில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுச் சட்டம், சம்பவம் நடந்தபோதே கருவியொன்றினால் எடுக்கப்பட்ட பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கு இடமளித்தது. அதற்கு நிபந்தனைகளும் வைத்தது. பதிவில் கைவைத்திருக்கக் கூடாது. விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவிக்கவும் வேண்டும். மூலக் கசெற் முக்கியமாவது இதனாலேயே. இந்தக் கமெராக்கள் திகதியையும் நேரத்தையும் படத்தின்மேல் காட்டாவிட்டாலும் நாடாவுக்குள் தனியாகப் பதிந்து வைக்கும். எடுத்தவர் மணிக்கூட்டைச் சரியாக வைத்திருந்தால், "டேற்றா கோட்" என்ற பொத்தானை அழுத்த அது வெளியே வரும். இன்னுமொன்று. பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்ற பழைய விதியால் இடம்பெயர்ந்தோர் பாதிக்கப்படக் கூடாதென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் யுத்தத்தினால் தன் உரிமையைக் கோரமுடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்பதே அதன் சாரம். அதன் காலவரம்புகளைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். அத்தகைய வழக்கில் யார், எப்போது, அந்தக் காணியில் இருந்தார் என்பதே கேள்வி. 2004இல் உங்கள் திண்ணையில் நீங்கள் இருந்து தேநீர் குடிக்கும் படம் அதற்கு ஒரு பதில்.

எரேமியா இறைவாக்கினரின் செயல் இங்கே நினைவுக்கு வருகிறது. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. நாடு கைவிட்டுப் போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த வேளையில் அனத்தோத்தில் இருந்த உறவினரின் நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு வாங்கிச் சாட்சிகளை வைத்து உறுதி எழுதினார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். ஒன்று தொடாமல் வைப்பதற்கு, மற்றது எடுத்துப் படிப்பதற்கு என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். கசெற்றுக்கும் அதே ஒழுங்குதான் வேண்டும்.

எமது மண்பாண்டம் பொல்லாதது என்பதுதான் சங்கடம். நாடாவுக்கு ஈரமும் வெக்கையும் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே வைத்த கசெற் எத்தனை வருடம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கசெற்றின் சிறு கண்ணாடியூடாகப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோலப் பூஞ்சணம் தெரிந்தால் அதைக் கமெராவில் போடவேண்டாம். கமெராவின் தலையும் பழுதாகி, அடுத்துப் போடும் நல்ல கசெற்றும் கெடும். மாரிகாலத்தில் கமெரா ஈரம் என்று எச்சரித்து நின்றுவிட்டால் கசெற் மூடியைத் திறந்து ஒரு மணிநேரம் விட்டுவிட வேண்டும். படம் கட்டங் கட்டமாக உடைந்தால் துப்புரவுக் கசெற்றைப் பத்து விநாடி மட்டும் ஓடவிடலாம். அடிக்கடி ஓட்டினால் தலை தேயும்.

ஓட்டிப் பார்க்கும் கமெராதான் இப்போது அருமை. புதிய கமெராக்களில் நாடா இல்லை. கைத்தொலைபேசி வந்தபின் அந்தப் பழைய கமெராக்களை எவரும் தேடுவதுமில்லை. ஆனால் அவை வெளிநாட்டு அலுமாரிகளில் நூற்றுக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. படம் பிடிக்கும்போது திரை கறுப்பாகவோ ஊதாவாகவோ வருகிறது என்று ஒதுக்கிவைத்த கமெராவும் பழைய கசெற்றை ஒழுங்காக ஓட்டக்கூடும். படம் பிடிக்கும் கண் வேறு, நாடாவை வாசிக்கும் தலை வேறு. கவனிக்க வேண்டிய வேறொன்று, கனடாவில் வாங்கிய கமெரா என்.ரி.எஸ்.சி. முறையில் பதிவது, லண்டனிலும் பரிசிலும் சூரிச்சிலும் வாங்கியது பி.ஏ.எல். முறையில் பதிவது. ரொறன்ரோ மச்சான் எடுத்த கசெற் லண்டன் சித்தப்பாவின் கமெராவில் பெரும்பாலும் ஓடாது. கசெற் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். "எல்.பி." முறையில் 90 நிமிடம் பதிந்த கசெற்றுகள் சில, எடுத்த கமெராவில் மட்டுமே சரியாக ஓடும் பிடிவாதக்காரர்.

பிரதி எடுப்பதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு மணிநேரக் கசெற்றுக்கு ஒரு மணிநேரம் செல்லும். "பயர்வயர்" என்ற வயரால் கமெராவைக் கணினியுடன் இணைத்தால் பதிவு அப்படியே இறங்கும். ஒரு மணிநேரம் ஏறக்குறைய 13 கிகாபைற் பிடிக்கும். புதிய கணினிகளில் அதற்குரிய துளை இல்லை, பழைய கணினி ஒன்றைத் தேடவேண்டும். அது கிடைக்காவிட்டால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனையுள்ள சாதாரண வயரால் எடுங்கள். தெளிவு குறையும், ஆனாலும் கிணறு தெரியும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறூரில் அல்லது வெளிநாட்டில். மூலக் கசெற்றை எறிய வேண்டாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்யமுடியாது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஓடக்கூடிய ஒரு கமெராவைத் தன் சொத்தாக வைத்திருக்கவேண்டும் என்பதே என் கருத்து. உழவு இயந்திரத்தையும் மருந்து தெளிகருவியையும் பொதுவில் வைத்திருக்கும் எமக்கு இது புதிதல்ல. கமெரா படித்தவர்களின் சாமான் என்று தயங்குவோர் தெலுங்கானாவின் சகீராபாத் பகுதியைப் பார்க்கலாம். அங்கே டெக்கான் டெவலப்மென்ற் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள், எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் உட்பட, 1990களின் பிற்பகுதியில் வீடியோ பழகினார்கள். பி.ரி. பருத்தி வாரங்கல் பகுதியில் எப்படிப் பொய்த்தது என்பதைத் தாமே படமாக்கினார்கள். கமெராப் பாடத்துக்குத் தாமே பெயரும் வைத்தார்கள். மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது "பட்டேல் ஷொட்", நிலப்பிரபு பார்ப்பதுபோல. கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது "சங்கம் ஷொட்", சங்கத்தில் எல்லோரும் ஒரே மட்டத்தில் இருப்பதனால். எமது நலன்புரி நிலையங்களுக்கு வந்த கமெராக்களில் எத்தனை எம்மை நேராகப் பார்த்தன? தறப்பாளையும் வரிசையையும் வெறுங்காலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இருந்த இடத்துக்கு அதில் ஒரு பிரதியும் திரும்பி வரவில்லை.

வெளிநாட்டு உறவினரும் இதில் ஓரளவு அப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்பேன். கோபிக்க வேண்டாம். கமெரா அவருடையது, கசெற்றும் அவருடையது. அதிலுள்ள கிணறும் ஆச்சியின் குரலும் ஊருடையவை. இங்கிருந்த பிரதிகள் பலவும் 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான பாதையில் போய்விட்டன. மூலக் கசெற் இருக்குமானால் அது அவரது வீட்டு மேல்தட்டிலேதான் இருக்கும்.

ஒரு விடயத்தில் எனக்கே தயக்கம் உண்டு. அந்தப் படங்களில் காணாமற்போன பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கவேண்டும் என்று கெஞ்சும் தாய்மாரும் உள்ளனர், என்னால் ஏலாது என்று எழுந்துபோகும் தாய்மாரும் உள்ளனர். படத்தில் நிற்பதால் இன்றும் சிரமப்படக்கூடியவர்களும் இருக்கலாம். ஆகவே சங்கம் பிரதி எடுத்ததும் மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவது, போனில் ஊர்முழுக்க அனுப்புவது எல்லாம் தவறு. முதலில் குடும்பத்தவர் மட்டும் பார்க்கட்டும். ஒரு கொப்பியில் கசெற் இலக்கம், எடுத்தவர், வருடம், எந்தக் காணி, யார் பார்க்கலாம் என்று எழுதிவைத்து அதன்படி நடக்கவேண்டும். மூலக் கசெற்றை வாங்கிக்கொண்டு போய்ப் பிறகு தருகிறேன் என்பவர் யாராயிருந்தாலும், அலுவலகத்தவராயினும் எம் போன்ற கோயிற்காரராயினும், கொடுக்கவேண்டாம். பிரதி எடுக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.

நத்தாருக்கோ பொங்கலுக்கோ வெளிநாட்டிலிருந்து போன் வரும். காசு பற்றிக் கதைப்பதற்கு முன் கசெற்றைப் பற்றிக் கேளுங்கள். எந்த வருடம் வந்தாய், எத்தனை கசெற் எடுத்தாய், கமெரா இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுப்புகிறேன் என்றால் சார்ஜரையும் எல்லா வயர்களையும் அதே பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கமெரா மட்டும் வந்து, வயர் வராமல், எமது அலுவலக அலுமாரியில் ஏற்கெனவே இரண்டு கிடக்கின்றன.