பேய்க்கதை கேட்டா பிள்ளை பயந்துருமா?

போன கோடை லீவுக்கு மகளும் பேரனும் சென்னையில இருந்து வந்திருந்தாங்க. பேரனுக்கு ஒன்பது வயசு. முதல் நாள் ராத்திரி முற்றத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும்போது, "தாத்தா, கங்கைகொண்டான்ல பேய் இருக்கா?" என்றான். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே மகள், "அப்பா, அவன்கிட்ட பேய்க்கதை எதுவும் சொல்லாதீங்க, தூங்க மாட்டான்" என்று தடுத்துவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் அவன் கையில் ஒரு பேய்க்கதைப் புத்தகம்! ஆஸ்கார் வைல்டு 1887-ல் எழுதிய 'காண்டர்வில் பேய்' கதையைப் பிள்ளைகளுக்குச் சுருக்கிப் போட்டது. "இது என்னம்மா?" என்று மகளைக் கேட்டேன். "அது காமெடிப்பா" என்றாள். சரி, நீயே சொல்லுல என்று பேரனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இங்கிலாந்தில் ஒரு பழைய பங்களா. அதில் முந்நூறு வருசமாக ஒரு பேய். அதை ஓர் அமெரிக்கக் குடும்பம் வாங்கிக் குடிவருகிறது. தரையில் கிடக்கிற ரத்தக்கறையை மூத்த பையன் கறைநீக்கி போட்டுத் துடைத்துவிடுகிறான். நடுச்சாமத்தில் பேய் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தால், வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "சத்தத்துல தூங்க முடியல, இந்த எண்ணெயைப் போடுங்க" என்று ஒரு குப்பியை நீட்டுகிறார். இரட்டைப் பிள்ளைகள் தலையணையைத் தூக்கி எறிகிறார்கள். பேய்க்கே பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

சிரித்துக்கொண்டே சொன்னவன் கடைசியில் குரலைத் தாழ்த்தினான். பெண்டாட்டியைக் கொன்ற மனுசனாம் அந்தப் பேய். அவளுடைய அண்ணன் தம்பிகள் அவனைப் பட்டினி போட்டே சாகடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பொண்ணு ஒருத்திதான் அதுகிட்ட உட்கார்ந்து பேசி, அதுக்காக அழுது வேண்டுகிறாள். அப்புறம்தான் அது அடங்குகிறது. "சாப்பாடே குடுக்கலையாம் தாத்தா" என்றான்.

நம்ம ஊராயிருந்தா அந்த ஆளுக்கு ஒரு பீடம் போட்டு, கொடை குடுத்து, வயிறாரச் சோறு படைச்சிருப்போம்லா என்று எனக்குத் தோன்றியது.

திருநெல்வேலிச் சீமையில் பேய் வெளியாள் கிடையாது. அநியாயமாகக் கொலையுண்டவர்கள், ஆயுசு முடியும் முன்னே போனவர்கள் எத்தனையோ பேர் இங்கே சாமியாக நிற்கிறார்கள். எங்கள் சிற்றாறு தாமிரபரணியோடு சேருகிற சீவலப்பேரியில் சுடலைமாடன் கோயில் இருக்கிறது. வில்லுப்பாட்டில் அவர் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? பார்வதி ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை. அம்மாவுக்குத் தெரியாமல் ராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு வருகிறது. விசயம் தெரிந்ததும் சிவன் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறார். திருட்டுத்தீனி தின்கிற பிள்ளையும், பெற்ற பாசமும், அப்பன் கண்டிப்பும் உள்ள குடும்பக்கதைதானே இது?

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். என் தங்கச்சி. ஏழு வயசில் காய்ச்சலில் போய்விட்டாள். தை மாசம் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்து வீட்டுக்கன்னியாகக் கும்பிடுகிறோம். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவளுக்கு இன்னும் ஏழு வயசு அளவில்தான் துணி எடுக்கிறோம். கருப்பட்டி என்றால் அவளுக்கு உயிர். பானையில் ஒரு துண்டு குறைந்தாலும் எங்க அம்மா, "அவதான் எடுத்திருப்பா, விடுங்கல" என்பாள். எடுத்தது நான்தான் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

மகள் சொன்னதை மீறி அன்று ராத்திரி பேரனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என்னைவிட ரெண்டு வயசு சின்ன ஆச்சியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். சத்தம் கேட்டு வந்த மகளும் சிரித்துவிட்டாள். அவன் நன்றாகத் தூங்கினான். காலையில் ஓலைப்பெட்டி மேல் ஒரு சாக்லேட் இருந்தது.

பேய் உண்டா என்று என்னைக் கேட்காதீங்க. ராத்திரி மும்முனைக் கரண்டு வந்தால் மோட்டார் போடத் தனியாகத்தான் போகிறேன். டார்ச் அடித்துப் பார்ப்பதெல்லாம் பாம்புக்குத்தான்.

பேய்க்கதை எல்லாமே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. கல்யாணமான புதுசில் பேசாமல் கிடந்த ஒரு பொண்ணைப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பங்குலையால் அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்கு என்ன கஷ்டம் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பேய் ஒழியத்தான் வேண்டும். ஆனால் பட்டணத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பேய்க்கதை கூடாது என்கிறீர்கள், சோறு ஊட்டும்போது மட்டும் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறீர்கள். மிரட்ட ஆகிற பேய் சிரிக்க ஆகாதா?

எங்கள் ஜில்லாக்காரர் புதுமைப்பித்தன் நடுங்க வைக்கிற 'காஞ்சனை'யும் எழுதினார், 'வேதாளம் சொன்ன கதை' என்று கேலியும் எழுதினார். அது பெரியவர்களுக்கு. கோவில்பட்டி உதயசங்கர் கீழடியை வைத்துப் பிள்ளைகளுக்கு எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால சாகித்திய விருது வாங்கியது. அதேபோல நம் வீட்டுக் கன்னியையும் மாடனையும் வைத்து, பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி ஒரு நாவலை யாராவது எழுதுங்களேன். கருப்பட்டித் திருட்டை வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கோங்க.

அதுவரைக்கும், லீவுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைத் தாத்தா ஆச்சி பக்கத்தில் படுக்க விடுங்க. உங்க குடும்பத்துப் பேய் யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும்.