மலையேறப் போகிறீர்களா? தண்ணீர் குடியுங்கள்!

வெளியூர்ப் பயணம் என்றாலே நம் பெண்கள் செய்யும் முதல் காரியம், காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவதுதான். "வழியில எங்கே போறது?" என்ற பயம். பஸ்ஸிலும் ரயிலிலும் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். மலையில் நடக்கப் போகும்போது இந்தப் பழக்கம் ஆகவே ஆகாது, சகோதரிகளே!

திருப்பத்தூருக்கு ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஏலகிரி. ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, பொன்னேரி வழியாக மேலே போக வேண்டும். 14 கொண்டை ஊசி வளைவுகள். கம்பர், கபிலர் என்று புலவர்கள் பெயரும், பாரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பெயர்ப்பலகை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தால் குமட்டல் குறையும்.

ஊர் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் புங்கனூர் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏலகிரியைக் காலால் நடந்து பார்த்தால்தான் பார்த்த மாதிரி. நாங்களும் சுவாமிமலை உச்சிக்கு ஏறினோம். நாலாயிரம் அடிக்கு மேல்!

என் சின்ன நாத்தனார் நன்றாக நடக்கக்கூடியவள். பாதி வழியில், "தலை சுத்துது அண்ணி" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?"

"அரை டம்ளர் காப்பிதான். இத்தனை ஆம்பளைங்க கூட வர்றப்ப எங்கே போறது?"

நிழலில் உட்கார வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடிக்கக் கொடுத்தோம். அரைமணி நேரத்தில் தெளிந்தாள். ஆனால் ஊருக்கு வந்த இரண்டாம் நாள் நீர்க்கடுப்பும் ஜுரமும். சிறுநீரில் கிருமி என்று டாக்டர் மருந்து எழுதினார்.

மலைக்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. தண்ணீரும் குடிக்காமல், வருகிற சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருக வசதியாகிவிடும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. அதனால் கிருமி சுலபமாக உள்ளே ஏறும். மாதவிலக்கு நின்றவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அறையிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி இரண்டு வாய் குடியுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து கலந்து ஒரு பாட்டில் தனியே எடுத்துக்கொள்ளலாம். (சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்னாலேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) பழைய நூல் புடவை ஒன்றை மடித்துப் பையில் வையுங்கள். இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு ஆயிற்று. ஓடைப் பக்கம் மட்டும் வேண்டாம், அது பிறர் குடிக்கும் தண்ணீர். "நீங்க கொஞ்சம் முன்னாலே நடங்க" என்று ஆண்களிடம் சொல்ல என்ன வெட்கம்? நம் வீட்டு ஆண்கள்தானே!

தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேர் மாண்டார்கள்! 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் நம் சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் உண்டு. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். பதிவு செய்யும்போதே, பாதை ஆரம்பிக்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, திறந்திருக்குமா என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.