வலமிருந்து புரளும் பக்கங்கள்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நான், இம்மாதம் ஜப்பானியப் படக்கதை ஒன்றைப் பற்றி எழுத முனைந்திருப்பது தங்களுக்கு வியப்பளிக்கலாம். அதுவும் அரசகுமாரி ஒருத்தியின் காதலையும், டிராகன்களின் ஆற்றல் பெற்ற வீரர்களையும் பற்றிய கற்பனைக் கதை! ஆயினும், அந்நூல் என் இல்லத்தில் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதைத் தங்களிடம் மறைப்பது முறையன்று.

ஜப்பானியர் ஓவியங்களை அசையச் செய்து எடுக்கும் திரைத்தொடருக்கு அனிமே என்று பெயர். அவர்களுடைய படக்கதை நூலுக்கு மாங்கா என்று பெயர். இவற்றுள் அனிமேக்கு நான் முன்பே ரசிகன். விடுமுறை இரவுகளில் இஷா தொழுகைக்குப் பின் என் மகளுடன் அமர்ந்து ஓரிரு பகுதிகள் பார்ப்பது எங்கள் வழக்கம். வண்ணம், இசை, ஓட்டம் யாவும் திரையிலேயே நிறைந்திருக்க, நூல் எதற்கு என்பது என் எண்ணமாக இருந்தது. காதல் மாங்கா என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவன் நான்.

அவ்வாறு நாங்கள் பார்த்தவற்றுள் ஒன்று, 'விடியலின் யோனா' எனப் பொருள்படும் 'அகாட்சுகி நோ யோனா'. கௌகா என்னும் கற்பனை நாட்டின் இளவரசி யோனா. தன் பதினாறாம் பிறந்தநாள் இரவில், தான் நேசித்த சுவோனே தன் தந்தையை வாளால் கொல்வதைக் காண்கிறாள். மெய்க்காவலன் ஹாக்கின் துணையுடன் தப்பி ஓடுகிறாள். அரண்மனைக்குள் செல்லமாக வளர்ந்தவள் வில்வித்தை பயில்கிறாள். தந்தையின் ஆட்சியில் குடிகள் பட்ட பசியைக் கண்ணால் கண்டு வெட்குகிறாள். பழங்கதை கூறும் நான்கு டிராகன் வீரர்களைத் தேடிச் செல்கிறாள்.

2014 அக்டோபரில் தொடங்கிய அத்தொடர், 24 பகுதிகளுடன் 2015 மார்ச்சில் முடிந்தது. நான்காம் வீரன் வந்து சேர்ந்தவுடன் திரை விழுந்தது! சுவோன் என்ன ஆனான்? ஹாக்கின் உள்ளத்தை யோனா அறிந்தாளா? விடையில்லை. தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இதன் காரணம் எளியது. மூலக்கதையைக் குசனாகி மிசுஹோ என்னும் பெண் ஓவியர் 2009 முதல், மாதம் இருமுறை வெளிவரும் 'ஹானா தோ யுமே' இதழில் வரைந்து வந்தார். 'மலர்களும் கனவுகளும்' என்பது அவ்விதழின் பெயர்ப்பொருள். தொகுதிகள் நாற்பதைக் கடந்து சென்ற நெடுங்கதை அது. திரைத்தொடரோ இத்தனை பகுதிகள் என்று அளந்து எடுக்கப்படுவது. ஆகவே கதையின் தொடக்கத்தை மட்டும் காட்டி நின்றுவிட்டது. மீதியை அறிய விரும்புவோர் நூலைத்தான் நாடவேண்டும்.

என் மகள் நாடினாள். சிங்கப்பூரிலிருந்து வந்த அவளுடைய மாமாவிடம் சொல்லி ஆங்கிலத் தொகுதிகள் சிலவற்றைத் தருவித்துவிட்டாள். அட்டையில் செந்நிறக் கூந்தலுடன் ஒரு பெண்ணைக் கண்டதும் எனக்குச் சினம் மூண்டது.

"படிக்கிற வயதில் காதல் கதை எதற்கு?" என்று கூறி அவற்றை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

"சரி வாப்பா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை; வாதாடவில்லை. ஆனால் அன்று முதல் அவள் என்னிடம் கதை பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று இரவுதோறும் ஊகித்துச் சொல்லும் பிள்ளை, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் பிள்ளையாகிவிட்டாள். அந்த மௌனம் என்னை உறுத்தியது. ஒரு வாரம் சென்றபின், வீட்டில் எவரும் இல்லாத வேளையில் ஒரு தொகுதியை நானே இறக்கினேன்.

இடப்புறம் திறந்தேன். அது கடைசிப் பக்கம். இந்நூலை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்ற அறிவிப்பு அங்கே அச்சாகியிருந்தது! இருபது ஆண்டுகளாக வலப்புறம் திறக்கும் கிதாபுகளுடன் வாழ்பவனுக்கு ஒரு படக்கதை வழிசொல்ல வேண்டியதாயிற்று. தனியே சிரித்துக்கொண்டேன். பின்பு அஸர் பாங்கு கேட்கும்வரை அந்நூலை மூடவில்லை.

திரையில் நான் காணாதது அதில் என்ன இருந்தது? முதலாவது, நிதானம். திரையில் ஒரு பார்வை நொடியில் கடந்துபோகும். தாளில் அது நாம் விரும்பும்வரை நிற்கும். கட்டங்களின் எல்லைக்கோடுகள் மறைந்து, ஒரு முகமே பக்கம் முழுவதும் விரிகிறது. சொல்லாத எண்ணங்கள் பேச்சுக்குமிழிகளுக்கு வெளியே மெல்லிய எழுத்தில் மிதக்கின்றன. கறுப்பு வெள்ளைத் தாளில் இசையும் இல்லை, குரலும் இல்லை. அவற்றைப் படிப்பவரின் மனமே அளிக்கவேண்டும்.

இந்தக் கலை ஒருநாளில் பிறந்ததன்று. 1953இல் தெசுகா ஒசாமு என்னும் ஆண் ஓவியர் 'ரிப்பன் நோ கிஷி' என்ற இளவரசிக் கதையைச் சிறுமியர் இதழில் தொடங்கினார். 1970களில் ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ முதலிய பெண்கள் எழுந்து, பெண்களின் அகவுணர்வை வரையும் முறைகளை வளர்த்தெடுத்தனர். அவர்களின் வழியில் வந்தவையே இன்றைய கற்பனைக் காதல் மாங்காக்கள்.

இரண்டாவது, அக்காதலின் பொறுமை. ஹாக் தன் நேசத்தை எளிதில் வாய்திறந்து சொல்வதில்லை. காவல் என்ற கடமையாக அதை மாற்றிக்கொள்கிறான். யோனா தன் மனத்தை அறிவதற்கே பல தொகுதிகள் கழிகின்றன. இடையே அவள் எதிர்கொள்ளும் வினாவோ கடினமானது. தந்தையைக் கொன்றவன் நாட்டை வலிமையாக ஆள்கிறான். ஆயுதத்தை வெறுத்த அன்பான தந்தையின் ஆட்சியிலோ எளியோர் துன்புற்றனர். இதை எப்படி எடைபோடுவது? வரலாறு பயின்ற பட்டதாரியான எனக்கே அது எளிதாக விடைகூற இயலாத வினா.

இதேபோன்ற மற்றொரு நிகழ்வும் உண்டு. தகாயா நட்சுகியின் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' என்ற மாங்காவில், எதிர்பாலர் தழுவினால் விலங்காகிவிடும் சாபமுற்ற ஒரு குடும்பத்தைக் காண்கிறோம். 2001இல் வந்த அனிமே 26 பகுதிகளுடன் நின்றது. நூலோ 2006 வரை 23 தொகுதிகளாக வளர்ந்தது. முழுக் கதையும் திரையேறியது 2019 முதல் 2021 வரை வெளிவந்த 63 பகுதிகளில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் முடிவை அறிய விழைந்தவர்களுக்கு நூலே துணையாயிற்று.

மாங்கா அனைத்தும் பிள்ளைகளுக்கு ஏற்றவை என நான் சொல்ல வரவில்லை. அவற்றுள் தள்ளத்தக்கவை பல உண்டு. நான் படித்த தொகுதிகளிலும் குருதி சிந்தும் காட்சிகள் இருக்கின்றன. பதின்ம வயதினருக்கு உரியது என்ற குறிப்பைப் பதிப்பாளரே அச்சிடுகின்றனர். ஆனால், தள்ளுவதற்கும் அறிவு வேண்டுமல்லவா? நான் அட்டையைக் கண்டு தீர்ப்பு வழங்கினேன். என் மாணவன் ஒருவன் ஒரு கிதாபை அவ்வாறு மதிப்பிட்டால் நான் விட்டுவைப்பேனா?

அன்றிரவு நூல்களை மகளிடம் கொடுத்து, "நான்தான் தவறு செய்தேன், மகளே. இரண்டாம் தொகுதி வரை படித்துவிட்டேன்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "அப்படியானால் யோனா ஏன் கூந்தலை அறுத்துக்கொண்டாள், சொல்லுங்கள் வாப்பா" என்று தேர்வு வைத்தாள்.

பகைவன் பற்றிய கூந்தலை அறுத்தெறிந்துவிட்டு ஹாக்கைக் காப்பாற்ற ஓடியதைச் சொன்னேன். தேறிவிட்டேன். மூன்றாம் தொகுதியை மட்டும் உடனே தரவில்லை. தான் முடித்த பின்னரே எனக்கு என்று கூறிவிட்டாள்.

பெற்றோர்களே, தங்கள் பிள்ளையின் கையிலும் இன்று ஏதேனும் ஒரு நூல் இருக்கும். பறிப்பதற்கு முன் பத்துப் பக்கங்கள் படித்துப் பாருங்கள். வேண்டாம் என்று பிறகு சொன்னாலும், ஏன் என்று சொல்ல முடியும்; பிள்ளையும் செவிசாய்க்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.